ஆறு கட்டிலுக்கு ஒரு குவளை

குளியலறைப் பாசியில் வழுக்கி விழுந்து கிடந்த என் மனைவி, என்னிடம் கேட்ட முதல் கேள்வி அடுப்பை அணைத்தீர்களா என்பது. நான் அணைக்கவில்லை. ஆம்புலன்ஸ் போர்ட் பிளேரின் மின்னி பே மேட்டில் நான்கு வேகத்தடைகளையும் ஏறி இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னார்: குழம்புச் சட்டி கரியாகிவிட்டது, வீடு பத்திரமாக இருக்கிறது. அதைக் கேட்ட பிறகே அவள் இடுப்பு வலிக்கிறது என்று ஒத்துக்கொண்டாள்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுத்து ஒரு ப்ளேட்டும் ஐந்து ஸ்க்ரூவும் வைத்தார்கள். அறுவைக்குப் பிறகு டாக்டர் என்னை ஓரமாக அழைத்துப் பேசினார்.

"அம்மாவுக்குப் பதினெட்டு வருஷமா சுகர். உள்ளே உலோகம் வெச்சிருக்கோம். உடம்பில வேற எங்கேயாவது கிருமி புகுந்தா, அது ரத்தத்தில கலந்து அந்த ப்ளேட்டில போய் உட்கார்ந்துக்கலாம். அப்படி ஆச்சுன்னா திரும்ப அறுக்க வேண்டி வரும். காய்ச்சல் வராம பார்த்துக்கணும்."

"எத்தனை டிகிரியிலிருந்து காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வது?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சிஸ்டர் சொல்வார் என்று நகர்ந்துவிட்டார்.

நான் துறைமுகப் பண்டகசாலையில் முப்பத்து நான்கு வருடம் கயிற்றுச் சுருள்களையும் உயிர்காப்பு மிதவைகளையும் எண்ணிச் சம்பளம் வாங்கியவன். எண்ணாத எதையும் நம்ப எனக்கு வராது. பெண்கள் எலும்பு வார்டில் நுழைந்ததும் எண்ணினேன். ஆறு கட்டில், நான்கு மின்விசிறி, அதில் ஓடுவது மூன்று. கை கழுவும் தொட்டி இரண்டு. ஒன்றின் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, மற்றதைத் திறந்தால் காற்று வந்தது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும், கையில் தேய்க்கும் கிருமிநாசினிப் புட்டிகள் ஆறு, அவற்றில் இரண்டு காலி. என் மனைவிக்கு இரண்டாம் நம்பர் கட்டில். அவளுடைய புட்டியில் முக்கால் இருந்தது.

வார்டு சிஸ்டர் மலையாளக் குடும்பத்துப் பெண், மாயாபந்தரில் பிறந்து வளர்ந்தவர். தமிழ், இந்தி, மலையாளம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். கட்டிலின் பக்கவாட்டில் தொங்கிய மூத்திரப் பையையும் அதிலிருந்து போர்வைக்குள் போன குழாயையும் காட்டிச் சொன்னார்.

"அங்கிள், பைட்டியே. உக்காருங்க. இந்த ட்யூப் நேரா மூத்திரப்பைக்குள்ள போகுது. கிருமிக்கு இது நம்ம அந்தமான் டிரங்க் ரோடு மாதிரி. டிரங்க் ரோட்டிலயாவது ஜிர்காடாங் செக்போஸ்ட்டில நிறுத்தி வெச்சு, வண்டிகளை வரிசையா கான்வாய்ல விடுவாங்க. இதில செக்போஸ்ட் கிடையாது. நம்ம கைதான் செக்போஸ்ட். பை எப்பவும் இடுப்புக்குக் கீழே இருக்கணும், ஆனா தரையைத் தொடக்கூடாது. இதைத் தொடுறதுக்கு முன்னாடி கை கழுவணும். தொட்டப்புறமும் கழுவணும்."

"எவ்வளவு நேரம் கழுவ வேண்டும்?"

"இருபது செகண்டாவது."

கட்டிலிலிருந்து என் மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ரெண்டு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுத நேரம்."

"வேகமா சொல்லாம இருந்தா," என்றார் சிஸ்டர். "நான் மூணு சொல்லுவேன்."

அன்று முதல் நான் அந்தத் தொட்டிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வார்டுக்குள் வருகிறவர்கள் எத்தனை பேர், கட்டிலைத் தொடும் முன் கழுவியவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணினேன். சிஸ்டர்கள் நன்றாகக் கழுவினார்கள். பார்க்க வந்த உறவினர்கள் பழப்பையைக் கீழே வைத்ததும் நேராக நோயாளியின் கையைப் பிடித்தார்கள். ஒரு பயிற்சி டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டே தொட்டியைத் தாண்டிப் போனார். நான் எழுந்து நின்று ஆங்கிலத்தில் கேட்டேன், கை கழுவினீர்களா என்று. அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் போய்க் கழுவினார். என் மனைவி வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"டாக்டரையே கையை நீட்டச் சொல்லுதீய. நாளைக்கு நகம் வெட்டியாச்சான்னு கேப்பீய. பேசாம உக்காருங்க, மானத்த வாங்காதீய."

"உனக்காகத்தானே கேட்கிறேன்."

"எனக்காகன்னா போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. இந்தக் கட்டிலுக்கும் கொஞ்சம் காத்து வரட்டும்."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெண்கள் வார்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆண்கள் இருக்கக் கூடாது. மகள் மெயின்லேண்டில் இருக்கிறாள், விமான டிக்கெட் கிடைக்க வேண்டும், அதுவரை இரவுக்கு யாருமில்லை. ஆனால் இந்தத் தீவுகளில் அதற்கு ஒரு வழி எப்போதும் உண்டு. வெளித்தீவிலிருந்தும் வடக்கேயிருந்தும் நோயாளியைக் கொண்டுவருகிறவர்களுக்குப் போர்ட் பிளேரில் வீடு கிடையாது, சமைக்க அடுப்பு கிடையாது. ஊர்க்காரர்களுக்கு வீடும் அடுப்பும் உண்டு, ராத்திரி விழித்திருக்க ஆள் இருக்காது. இரண்டு பேரும் ஒப்பந்தம் எதுவும் பேசாமலே சேர்ந்துகொள்வார்கள். நான் மூன்றாம் நம்பர் கட்டிலுக்குத் துணையாக வந்தவளுக்குச் சோறு கொண்டுவந்தேன். அவள் என் மனைவியை இரவில் பார்த்துக்கொண்டாள்.

அவள் ரங்கத் பக்கத்து வங்காளிப் பெண். நாற்பது வயது இருக்கும். மாமியாரை பஸ்ஸில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வயல் வேலை செய்து உரமேறிய கை, சத்தமான சிரிப்பு. வார்டு முழுக்க அவளை தீதி, அதாவது அக்கா, என்றது, அவளைவிட மூத்த என் மனைவியும் சேர்த்து. அவள் என் மனைவியை மாசி, அதாவது சித்தி, என்றாள். அவள் பேசுவது எங்கள் தீவு இந்தி. அதை நான் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

சிஸ்டர் சொன்னபடி மூத்திர அளவை எழுதிக்கொள்ள வேண்டும். பையில் கோடுகள் இருந்தன, ஆனால் பை ஒரு பக்கம் உப்பினால் கோடு பொய் சொல்லும். எனக்கு அது பொறுக்கவில்லை. அபர்டீன் பஜாரில் போய்ச் சமையலுக்கு அளக்கும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்கினேன். மூக்கு வைத்த, கைப்பிடி போட்ட, ஐம்பது ஐம்பது மில்லிக்குச் சிவப்புக் கோடு இழுத்த நல்ல குவளை. தீதிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்ததும் அவள் கொட்டாவி விட்டபடி ஒப்பித்தாள். "ஒண்ணாம் நம்பர் எழுநூறு. மாசி எண்ணூத்தி ஐம்பது. என் மாமியார் அறுநூறு. நாலாம் நம்பர் நானூறுதான், தண்ணியே குடிக்க மாட்டேங்குது. அஞ்சாம் நம்பருக்கு ட்யூப் இல்ல. ஆறாம் நம்பர் தொள்ளாயிரம்."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வேலையில் இருந்தபோது எந்த உதவியாளரும் இவ்வளவு துல்லியமாக இருப்புக் கணக்கு கொடுத்ததில்லை. எல்லோரும் தூங்கட்டும் என்று அவள் ஒருத்தியே எழுந்து, கட்டில் கட்டிலாகப் போய், ஐந்து பைகளையும் காலி செய்திருக்கிறாள். மற்ற கட்டில்காரர்கள் அவளுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நான் மீன் வறுவலில் ஒரு துண்டு கூடுதலாக வைத்தேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் எண்கள் வந்தன. பிறகு ஒரு காலை, நாலாம் நம்பர் கட்டிலில் இருந்த தெலுங்குப் பாட்டி நடுங்க ஆரம்பித்தாள். போர்வை மேல் போர்வை போட்டும் பல் தந்தி அடித்தது. மூத்திரத்தில் கிருமி என்று டாக்டர் சொன்னார். மருந்து ஏற்றினார்கள். பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியது போட்டார்கள்.

சிஸ்டர் அன்று ஒவ்வொரு பையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாம் கட்டிலின் அடியில் என் குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, யாருடையது என்று கேட்டார்.

"எல்லாருடையதும்," என்றாள் தீதி பெருமையாக. "அங்கிள் வாங்கினது. இதிலதான் எல்லா பையையும் பிடிக்கிறேன்."

"ஒரே குவளையிலயா?"

"ஒவ்வொரு தடவையும் அலசிடுவேன்."

"கையை?"

"கையையும்தான். குவளையில ஊத்தின தண்ணியிலயே."

சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையின் வடிகுழாய் முனையைக் காட்டி மெதுவாகச் சொன்னார். "இந்த மூக்கு குவளையோட விளிம்பில படுதா? ஒண்ணாம் நம்பர் கிருமி விளிம்பில ஏறுது. அங்கிருந்து ரெண்டாம் நம்பர் மூக்கில ஏறுது. தீதி, நீ ராத்திரி முழுக்க முழிச்சு, ஒரு வண்டியில அஞ்சு ஸ்டாப்பும் போட்டு அதுகளை ஏத்தி இறக்கி விட்டிருக்கே."

நாலாம் நம்பர் காய்ச்சல் குவளையால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இனி அப்படிச் செய்யக் கூடாது, அவ்வளவுதான் என்றும் சிஸ்டர் சொன்னார். ஆனால் தீதியின் முகம் அதற்குள் இறுகிவிட்டது. அந்த வார்டில் தூக்கத்தை விட்டவள் அவள் ஒருத்திதான். சபையில் வைத்துப் பேச்சு வாங்கியவளும் அவள் ஒருத்திதான்.

சிஸ்டர் போனதும் என் மனைவி என்னைப் பார்த்தாள். "உங்க கணக்குச் செம்பு ஊரெல்லாம் சுத்திட்டு வந்துட்டு."

நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்தி, தொட்டிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து தொட்டேன். சூடாக இருப்பதுபோல் இருந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு. கால் மணி கழித்து மறுபடி கேட்டேன். "அங்கிள், அம்மாவுக்கு காய்ச்சல் இல்ல, உங்களுக்குத்தான் இருக்கு," என்றார் சிஸ்டர்.

பஜாருக்குப் போய் அதே மாதிரிக் குவளை இன்னும் நான்கு கேட்டேன். ஜூஸ் கடை போடுகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம், இஞ்சி போட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். குவளைக் கைப்பிடிகளில் ஐந்து நிறத்தில் நூல் சுற்றி, குழாய் உள்ள கட்டிலுக்கு ஒன்றாக வைத்தோம். கையுறைப் பெட்டி எங்கே இருக்கிறது, பைக்குப் பை கையுறையை எப்படி மாற்றுவது என்று சிஸ்டர் எல்லா உதவியாளர்களையும் வரிசையாக நிறுத்திச் செய்து காட்டினார். வரிசையில் நானும் நின்றேன். என் கட்டை விரலை நான் கழுவுவதே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. நான்கு விரலையும் தேய்த்துவிட்டு ஐந்தாவதை விட்டுவிடுகிறவன் எண்ணுகிறவன்தானா என்று என் மனைவி கேட்டாள்.

தீதி வரிசைக்கு வரவில்லை. மதியம் நான் கொடுத்த டிபன் கேரியரையும் வாங்கவில்லை. பசியில்லை என்றாள். என் மனைவியின் நூல் நீலம், அவள் மாமியாரின் நூல் மஞ்சள். மஞ்சள் குவளையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆறு மணி நெருங்க நெருங்க நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரவில் யார் பார்ப்பார்கள்?

என் மனைவி அதை ஒரே பேச்சில் முடித்தாள். படுத்தபடியே அரைத் தமிழும் அரை இந்தியுமாகக் கேட்டாள்.

"தீதி, இருபது செகண்டுக்கு நான் ரெண்டு ஜெபம் சொல்லுதேன். நீ என்ன சொல்லுவே?"

தீதி மஞ்சள் நூலை இழுத்து இறுக்கினாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லன்னா என்னோடத வெச்சுக்கோ. மாதா கோவிச்சுக்க மாட்டா."

தீதி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "எங்க ஊர் பஸ் நிறுத்தங்களைச் சொல்லுவேன். ரங்கத்திலிருந்து தெற்கே."

"எத்தனை வருது?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"அங்கிளுக்கு டென்ஷன்," என்று சிரித்துவிட்டாள் அவள். எழுந்து தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து, நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு கழுவினாள். கட்டை விரலுக்கு ஒரு நிறுத்தம் ஒதுக்கினாள். பிறகு வந்து கேரியரைத் திறந்து, மீன் ஆறிப்போயிற்று என்று என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

ஆனால் உண்மையான தகராறு அதன் பிறகுதான் வந்தது. குழாய் எவ்வளவு நாள் உள்ளே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கிருமிக்கு வசதி, அதனால் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். என் மனைவி, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். வலிக்கிறது, தலை சுற்றுகிறது, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று காரணம் காரணமாக அடுக்கினாள்.

மூன்றாம் நாள் நான் பொறுமையிழந்தேன். "நாலாம் நம்பர் நடுங்கியதைப் பார்த்தாயே. மறுபடியும் அறுக்க வேண்டும் என்று சொன்னால் என்ன செய்வாய்?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் எழுந்து அந்தக் கக்கூஸுக்கு நடக்க முடியாது. அப்ப இங்கனயே அந்த நாற்காலியில உக்காரணும். பகல் பூரா இங்க ஆம்பளைய நிக்கிறாக. அஞ்சாம் நம்பர்காரி மகன், ஆறாம் நம்பர்காரி வீட்டுக்காரர், நீங்க ஒரு ஆளு. நான் எப்படி உக்காருவேன்? இந்தக் குழாய் இருந்தா மானத்தோட கிடக்கேன். அது போதும் எனக்கு."

நாற்பத்தாறு வருடம் ஒரு வீட்டில் இருந்தும், புருஷனாகிய என்னையும் அவள் அந்தப் பட்டியலில் சேர்த்தது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் நியாயமாகப் பட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் சிஸ்டரிடம் போய் நின்றேன். தடுப்பு ஒன்று இருக்கிறது, சக்கரம் உடைந்து பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றார் அவர்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தீதி, என் மனைவியின் பையைத் திறந்து இரண்டு சேலைகளை உருவினாள்.

"மாசி, ஹட் பே தீவுக்குப் போற கப்பல்ல பங்க் கிளாஸில போயிருக்கியா?"

"போயிருக்கேன். ரெண்டு தடவ."

"அங்க பொம்பளைங்க துணி மாத்த என்ன பண்ணுவோம்?"

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். கப்பலில் வரிசையாக அடுக்குப் படுக்கைகள், நடுவில் மறைப்பு கிடையாது. பெண்கள் மேல் படுக்கையிலிருந்து சேலையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடத்தில் அறை கட்டிவிடுவார்கள். இங்கே படுக்கைக்குப் பதில் குளுக்கோஸ் மாட்டும் கம்பிகள். தீதி நான்கு கம்பிகளை உருட்டிக்கொண்டு வந்து, சேலையைச் சுற்றி, முனைகளை முடிச்சுப் போட்டாள். நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி, நான்கு பக்கமும் மாம்பழ நிறச் சுங்குடி. பிறகு இடுப்பில் கை வைத்து வார்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஆம்பளைங்க எல்லாரும் பாஹர், வெளியே." ஐந்தாம் நம்பர் மகன், அம்மாவுக்குப் பாதி ஆரஞ்சு உரித்திருந்தான். மீதியைக் கையோடு கொண்டுபோகச் சொன்னாள்.

அந்த ஒத்திகையைப் பார்த்து என் மனைவி சரி என்றாள். மறுநாள் காலையில் சிஸ்டர் கை கழுவி, கையுறை போட்டு, குழாயை எடுத்தார். இனித் தானாகப் போக வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் போகாவிட்டால் திரும்பக் குழாய் போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். திரும்பப் போட்டால் திரும்பவும் அதே பயம். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், ஒரு இளநீர் கொடுத்தேன், இன்னொரு டம்ளர் கொடுத்தேன். "தண்ணிக் கப்பல்னு நெனச்சியளா," என்றாள்.

மதியத்துக்கு மேல் எங்களை மறுபடி வெளியே விரட்டினார்கள். வராந்தாவில் நான்கு ஆண்கள் சுவரோரம் நின்றோம். விஷயம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. ஆறாம் நம்பர் வீட்டுக்காரர் கச்சால் தீவுக்காரர். கப்பல் டிக்கெட் கௌண்டரில் நிற்பது மாதிரி இருக்கிறது என்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு தொட்டிக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் மூன்று நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீர் என் காதுக்குள் ஓடியது. ஒரு வாளி நிறைந்திருக்கும், இரண்டாவது வாளியும் நிறைந்திருக்கும். நான் கதவைத் தட்டப் போனேன். கச்சால்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அங்கிள், அது அந்தச் சத்தம் கேட்டாத்தான் வரும். விடுங்க, ஓடட்டும்."

ஓடட்டும் என்று விட்டேன். என் வாழ்க்கையில் குழாய் வீணாக ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டது அன்று ஒரு நாள்தான். இரண்டு அருள் நிறைந்த ஜெபம் சொன்னேன், மூன்றாவது சொன்னேன், பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.

குழாய் நின்றது. கச்சால்காரர் என் சட்டையை விட்டார். அப்புறம் உள்ளே தீதியின் சிரிப்பு வெடித்தது, அதைத் தொடர்ந்து மற்றப் பெண்களின் சிரிப்பு. நாலாம் நம்பர் தெலுங்குப் பாட்டியின் பொக்கைச் சிரிப்பும் அதில் இருந்தது. ஆரஞ்சு வைத்திருந்த பையன் எல்லோருக்கும் ஒவ்வொரு சுளை கொடுத்தான்.

சிஸ்டர் வெளியே வந்து, "ஆச்சு அங்கிள். நல்லாவே ஆச்சு," என்றார்.

"எவ்வளவு?"

"நல்லாவே."

"காய்ச்சல்?"

"இல்ல. போய்ப் பாருங்க. கை."

கழுவிக்கொண்டு உள்ளே போனேன். சேலைச் சுவரை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள் தீதி. என் மனைவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலின் பக்கவாட்டில் ஒன்றும் தொங்கவில்லை. முகம் சிவந்து, வேர்த்து, பெரிய வேலையை முடித்தவள்போல் இருந்தாள்.

"நாளைக்கு வரும்போது அந்த நீல நைட்டியக் கொண்டாங்க," என்றாள். "பை தொங்குதேன்னுதான் எந்திரிக்கவே கூசிட்டுக் கெடந்தேன். காலையில நடக்க வைக்கிற பையன் வருவான். செருப்பும் வேணும், வார் வெச்சது."

"ஒரு காலைத்தானே ஊன்ற வேண்டும் என்றார்கள்? ஒரு செருப்பு போதாதா?"

அவள் தீதியைப் பார்த்து இந்தியில் சொன்னாள்: "தேக்கோ, பாத்துக்கோ, இந்த ஆளோடதான் நான் குடும்பம் நடத்துதேன்."

ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மின்னி பே பஸ்ஸைப் பிடிக்க நான் கிளம்பினேன். நீல நைட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேன்.